டெகாவின் கறுப்புப் பெரியப்பா

கலைஞனின் பிறப்பை நோண்டாதே, படைப்பைப் பார் என்று நமக்கு வகுப்பெடுக்கிறவர்கள்தான், ஐரோப்பிய ஓவியன் ஒருவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியையே அவன் பிறப்பிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எட்கர் டெகாவை எடுத்துக்கொள்வோம். 1834இல் பாரிஸில் பிறந்தார். அப்பா வங்கி நடத்தியவர். தாத்தா நேப்பிள்ஸில் மாளிகை வைத்திருந்தவர். அம்மா செலஸ்தின், அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிறந்த பிரெஞ்சு வம்சத்துக் கிரியோல் சீமாட்டி, மகனுக்கு 13 வயதாகும்போது இறந்துபோனார். தாய்மாமன் பருத்தி வியாபாரி. இவ்வளவையும் மரியாதையோடு எழுதுவார்கள். இந்தக் குடும்பக் கதையில் விடுபட்டவர்கள் யார் என்று நாம் கேட்டால் மட்டும் உடனே ஒரு குரல் எழும்பும்: "நீங்க கலையை அரசியலாக்குறீங்க." குடும்பப் பின்னணி என்கிற கதவைத் திறந்துவைத்தது நாமல்ல, அவர்கள். பாதிதான் திறந்துவைத்திருக்கிறார்கள். மீதியையும் தள்ளித் திறப்போம்.

டெகாவின் பேர்பெற்ற படங்களில் ஒன்று 'நியூ ஆர்லியன்ஸில் ஒரு பருத்தி அலுவலகம்'. 1873இல் வரைந்தது. 73 சென்டிமீட்டர் உயரம், 92 சென்டிமீட்டர் அகலம். பாரிஸில் இம்ப்ரஷனிஸ்டுகள் 1876இல் நடத்திய இரண்டாவது கண்காட்சியில் இருந்தது. பிரான்சின் தென்மேற்கே 'போ' என்று ஒரு ஊர், பேரே அதுதான், அந்த ஊர் அருங்காட்சியகம் 1878இல் 2000 பிராங்க் கொடுத்து வாங்கியது. டெகாவின் படம் ஒன்றை அருங்காட்சியகம் வாங்கியது அதுதான் முதல் தடவை. இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. 'அலுவலகம்' என்று மொழிபெயர்ப்பதெல்லாம் கௌரவத்துக்காக. நம்ம பாஷையில் அது பருத்தி மண்டி. கமிஷன் மண்டி.

மண்டி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் உயரத் தொப்பி வைத்துக் கண்ணாடி மாட்டிய கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து பஞ்சை விரலால் பிரித்துப் பார்க்கிறார். அவர்தான் தாய்மாமன் மிஷெல் மூஸோன், மண்டி முதலாளி. அவருக்குப் பின்னால் காலை நீட்டிப் பத்திரிகை படிக்கிறவர் டெகாவின் தம்பி ரெனே. இடது ஓரத்தில் ஜன்னலில் சாய்ந்து சும்மா நிற்கிறவர் இன்னொரு தம்பி அஷில். மேஜை விளிம்பில் உட்கார்ந்து கைநிறையப் பஞ்சை எடுத்துக் கிராக்கிக்குக் காட்டுகிறவர் மூஸோனின் மருமகன் வில்லியம் பெல். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் பங்காளி பிரஸ்டிஜ். வலது ஓரத்தில் பெரிய பேரேட்டின்மேல் குனிந்து நிற்கிறவர் லிவோதே. எல்லாமாகப் பத்துப் பதினைந்து பேர். நடுவே மேஜை முழுக்க வெள்ளை வெளேர் என்று பஞ்சு.

நான் வங்கியில் கிளார்க். பதினோரு வருஷமாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்தப் படத்தில் என் கண் முதலில் போனது அந்தப் பேரேட்டின்மேல்தான். இத்தனை பேரில் உருப்படியாக வேலை செய்கிறவர் அந்த ஒருவர்தான் போலிருக்கிறது. மற்றவர்கள் படிக்கிறார்கள், சாய்கிறார்கள், பேசுகிறார்கள், தொடுகிறார்கள். டெகா கைகாரர், அதில் சந்தேகமில்லை. தரை நம்மை நோக்கிச் சரிந்து வருகிற மாதிரி வைத்த கோணம், ஜன்னல் ஜன்னலாகத் தடுத்த சுவர், வலது மூலையில் குப்பைக்கூடையில் கிடக்கும் காகிதம், எல்லாம் அசல். பணம் படைத்தவன் சும்மா இருப்பது எப்படி இருக்கும் என்பதை இதைவிடச் சுத்தமாக வரைந்த படம் ஒன்றை நான் பார்த்ததில்லை. படம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. படம் நல்லா இருப்பதால்தான் பேச வேண்டியிருக்கிறது.

மண்டி என்ன செய்யும்? பருத்திப் பண்ணைக்காரனுக்கு விதைக்கும் முன்னாலேயே பணம் கொடுக்கும். விளைந்த மூட்டை மண்டிக்குத்தான் வரவேண்டும். விற்றதில் கமிஷன், கொடுத்ததுக்கு வட்டி, கிடங்கு வாடகை, எல்லாம் பிடித்துக்கொண்டு மீதிதான் பண்ணைக்காரனுக்கு. 1865க்கு முன்னால் அந்தக் கடனுக்கு ஈடாக என்ன இருந்தது? நிலம் இருந்தது. நிலத்தைவிட விலைபோகிற பொருளாக மனிதர்கள் இருந்தார்கள். லூசியானா மாநிலத்தில் மட்டும் 1860 கணக்கெடுப்பின்படி அடிமைகள் 3,31,726 பேர். அமெரிக்கா முழுக்க ஏறக்குறைய 40 லட்சம். ஒரு கிளார்க்காக இதைச் சொல்கிறேன்: அவர்கள் பேரேட்டில் இருந்தார்கள். பேர், வயசு, மதிப்பு என்று பத்தி பிரித்து எழுதப்பட்டிருந்தார்கள். உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபோது அவர்கள் சொத்துப் பத்தியிலிருந்து எடுக்கப்பட்டுக் கடன்காரர் பத்திக்கு மாற்றப்பட்டார்கள். வாரத்துக்குப் பயிரிடு, விதையும் கோவேறு கழுதையும் கடனாக வாங்கு, விளைச்சலை அடகு வை, வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் நீதான் பாக்கி. கீழத்தஞ்சையில் பண்ணையாள் முறையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மேஜைமேல் கொட்டிக் கிடக்கும் அந்தப் பஞ்சை எடுத்த கை படத்தில் இல்லை. மூட்டை தூக்கினவன் இல்லை. கதவு திறக்கிறவன், தண்ணி கொண்டுவருகிறவன்கூட இல்லை. கறுப்பர்கள் பெருந்தொகையாக வாழ்ந்த நகரத்தின் பருத்தி மண்டியில் அடையாளம் சொல்லக்கூடிய ஒரு கறுப்பு முகம் கிடையாது. கறுப்பு கோட்டில் இருக்கிறது, தொப்பியில் இருக்கிறது, ஆளில் இல்லை.

"அஞ்சு மாசம் விருந்தாளியா வந்துபோன மனுஷன், கண்ணில் பட்டதை வரைஞ்சார், இதுக்குப்போய்..." என்பார்கள். கண்ணில் படாமல் இல்லை. 1872 அக்டோபரில் கிளம்பி வந்த டெகா, 1873 மார்ச் வரை எஸ்பிளனேட் தெருவில் மாமன் வீட்டில் இருந்தார். பாரிஸ் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் கறுப்புப் பெண்களின் கையில் வெள்ளைக் குழந்தைகள் இருப்பதை, அவர்களுடைய நிறத்தின் சாயல் வித்தியாசங்களை, ரசித்து ரசித்து எழுதினார். வரைவதற்கு மட்டும் மாமன் வீட்டாரே கிடைத்தார்கள். ஒரு ஜனத்தின் வாழ்க்கையை வரைய அவர்களோடு ரொம்ப காலம் இருந்து பழக வேண்டும் என்று காரணமும் சொல்லிக்கொண்டார். பஞ்சு வியாபாரத்தோடு பழக எத்தனை நாள் ஆனது?

அந்த அஞ்சு மாசம் சாதாரண அஞ்சு மாசம் இல்லை. அதுதான் முக்கியம். 1872 டிசம்பர் 9ஆம் தேதி லூசியானாவின் ஆளுநர் நாற்காலியில் பி. பி. எஸ். பிஞ்ச்பேக் என்கிற கறுப்பர் உட்கார்ந்தார். அவருடைய தாய் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், தகப்பன் வெள்ளைப் பண்ணைக்காரன். அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குக் கறுப்பர் ஒருவர் ஆளுநர் ஆனது அதுவே முதல் தடவை. 1873 ஜனவரி 13 வரை, 35 நாள்தான் இருந்தார். அடுத்த கறுப்பு ஆளுநர் வர்ஜீனியாவில் பதவியேற்றது 1990இல். டெகா மாமன் வீட்டில் படுத்துத் தூங்கிய அந்தக் குளிர்காலத்தில் ஒரு சமூகமே தலைகீழாகத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டுரிமை வாங்கிய கறுப்பர்கள் சட்டசபையில் இருந்தார்கள், போலீசில் இருந்தார்கள். மாமன் வீட்டில் அது கெட்ட கனவாகத்தான் பேசப்பட்டிருக்கும். யுத்தத்தில் தெற்கத்தி அடிமை அரசின் பத்திரங்களில் பணம் போட்டு நஷ்டப்பட்ட வீடு அது. மாமன் மகள் எஸ்தெல்லின் முதல் கணவர் அந்த அரசின் படையில் 1862இல் செத்தவர். இந்த எஸ்தெல்லைத்தான் ரெனே 1869இல் மறுமணம் செய்துகொண்டார். கண் தெரியாதவர். டெகா அவரை உருக்கமாக வரைந்திருக்கிறார்.

கவனியுங்கள், தாய்மாமன் மகளைக் கட்டியிருக்கிறார் ரெனே. நம்ம ஊர்ப் பழக்கம் மாதிரியே. சொத்தும் ரத்தமும் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்ற வேண்டும் என்கிற பழக்கம். அப்படியானால் நாமும் நம்ம ஊர் முறையிலேயே இந்தக் குடும்பத்தின் உறவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

டெகாவின் அம்மாவைப் பெற்ற தாத்தா ஜெர்மென் மூஸோன். ஹைட்டித் தீவில் பிறந்தவர், அடிமைகள் கலகம் செய்து எஜமானர்களை விரட்டிய அதே ஹைட்டி. நியூ ஆர்லியன்ஸில் வந்து பருத்தியில் காசு பார்த்தார். அவர் கட்டிய பெண் மரியா தெசிரே ரில்லியூ. அந்த அம்மாளுக்கு வின்சென்ட் ரில்லியூ என்று உடன்பிறந்தவர். வின்சென்டுக்கும் கோன்ஸ்தான்ஸ் விவான் என்கிற பெண்ணுக்கும் 1806இல் பிறந்த பிள்ளை நோர்பெர் ரில்லியூ. கோன்ஸ்தான்ஸ் கறுப்பினப் பெண், அடிமையல்ல, சுதந்திரமானவர். ஆனாலும் வெள்ளைக்காரன் அவரைக் கல்யாணம் செய்துகொள்ள லூசியானா சட்டத்தில் இடமில்லை.

முறை சொல்லுங்கள் பார்ப்போம். செலஸ்தினுக்கு நோர்பெர் தாய்மாமன் மகன். முறைமாப்பிள்ளை. அப்படியென்றால் எட்கர் டெகாவுக்கு நோர்பெர் பெரியப்பா முறை. தாய்மாமன் மகளை வீட்டுக்கு மருமகளாகக் கொண்டுவந்த குடும்பம், இந்த முறையை மட்டும் முறையாகவே எண்ணவில்லை. தன் நியூ ஆர்லியன்ஸ் கடிதங்களில் மாமன், மாமன் மகள்கள், தம்பி பிள்ளைகள் என்று சொந்தங்களையே நிரப்பிய டெகா, ரில்லியூ வீட்டின் கறுப்புக் கிளையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. 1997இல் கிறிஸ்டோபர் பென்ஃபி என்கிற அமெரிக்கப் பேராசிரியர் புத்தகம் போட்ட பிறகுதான் டெகா ரசிகர்கள் பலருக்கு இந்தச் சொந்தம் தெரியவந்தது. படம் வரைந்து 124 வருஷம் கழித்து.

அப்படி மறைக்கவேண்டிய ஆளா நோர்பெர்? படம் வரைந்தவரைவிட உலகத்தின் வாயில் அதிகம் ருசித்துக்கொண்டிருக்கிற ஆள். பாரிஸுக்குப் போய் எஞ்சினியரிங் படித்து, அங்கேயே வாத்தியாராகவும் இருந்தவர். சர்க்கரை காய்ச்சுவதில் அவர் செய்ததுதான் பெரிய காரியம். அதுவரை லூசியானாவிலும் கரீபியன் தீவுகளிலும் கரும்புச்சாறு காய்ச்சுவது எப்படியென்றால், வரிசையாகத் திறந்த கொப்பரைகள், கீழே தீ. கொதிக்கிற சாற்றை நீளக் கரண்டியால் ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததுக்கு மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மொண்டு ஊற்றியவர்கள் அடிமைகள். மேலே தெறித்தால் தோல் உரிந்துபோகும். விறகும் கணக்கில்லாமல் எரியும். நோர்பெர் செய்தது என்ன? கொப்பரையை மூடினார். முதல் கலத்தில் கிளம்பும் ஆவியைக் கொண்டே இரண்டாவது கலத்தைக் கொதிக்க வைத்தார், அதன் ஆவியில் மூன்றாவதை. உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டதால் குறைந்த சூட்டிலேயே சாறு கொதித்தது. 1843இலும் 1846இலும் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு நம்ம பக்கத்துச் சர்க்கரை ஆலைகளில் வரிசையாக நிற்கிற 'எவாப்பரேட்டர்' அவருடைய யோசனைதான். கரும்பு வெட்டப்போகிற நம் சனங்களில் யாருக்கும் அந்தப் பேர் தெரியாது. ஆலைக்குள் வேலை செய்கிற எஞ்சினியரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதும் கேள்விதான்.

நோர்பெரை நான் சிலையாக்க வரவில்லை. அவருடைய மெஷினை முதலில் வாங்கியவர்கள் அடிமைகளை வைத்திருந்த பண்ணைக்காரர்கள். அவருக்காகப் பரிந்து பேசியவர்களில் ஒருவர் ஜூடா பெஞ்சமின், பின்னால் அடிமை அரசின் அமைச்சரானவர். கரண்டி பிடித்த கை வெந்துபோவது குறைந்தது. அதே மெஷின் பண்ணைக்காரனின் லாபத்தைக் கூட்டி அடிமைமுறைக்கு முட்டுக் கொடுக்கவும் செய்தது. இரண்டும் உண்மை. ஆனாலும் அந்த எஜமானர்களுக்கு அவருடைய மூளை வேண்டியிருந்தது, அவர் சமமாக உட்காருவது வேண்டியிருக்கவில்லை. யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் சுதந்திரக் கறுப்பர்கள்மேல் கெடுபிடி இறுக, அவர் பிரான்சுக்கே திரும்பிப் போய்விட்டார். 1894இல் பாரிஸில் செத்தார். பேர்லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். பெரியப்பாவும் மகனும் முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரே நகரத்தில் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதைப் படிக்கும்போது எனக்கு ரொம்ப நேரம் வேலை ஓடவில்லை. அவர் செத்த அதே 1894இல், யுத்தத்துக்குப் பிந்திய விடுதலைக் காலத்தில் கொஞ்ச வருஷம் எடுபட்டிருந்த கலப்பு மணத் தடையை லூசியானா மறுபடி சட்டமாக்கியது. அது ஒழிய 1967 ஆயிற்று.

இதெல்லாம் அந்நிய தேசத்துக் கதை என்று யாரும் தள்ள முடியாது. எங்கள் ஊரில் பெரிய பண்ணை வீட்டு மூக்கும் நிறமும் எங்கள் தெருவில் ரெண்டு வீட்டில் உண்டு. ஊருக்கே தெரியும். பண்ணைக்கும் தெரியும். காடு காட்டிக் கூலி வாங்கப் போகும்போது பண்ணை வீட்டம்மா அந்தப் பிள்ளைகளை மட்டும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று என் ஆத்தா சொல்லும். அந்தச் சொந்தம் ரேஷன் கார்டில் கிடையாது, பட்டாவில் கிடையாது, பண்ணை வீட்டுக் கூடத்தில் மாட்டிய குரூப் போட்டோவில் கிடையாது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று நிறுவினார். அகமணம் என்றால் உள்ளுக்குள் கட்டுவது மட்டுமல்ல. வெளியே பிறந்ததைப் பிறக்கவே இல்லை என்று ஆக்குவதும்தான். டெகாவின் மண்டிப் படம் அந்தக் கூடத்துக் குரூப் போட்டோதான். மாமன், மருமகன், தம்பிமார், பங்காளி, எல்லாரும் ஆஜர். விட்டவர்களை விட்டுத்தான் குடும்பம் குடும்பமாகிறது.

படத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் என்ன செய்தது? இதையும் 'பின்னணி'யில் எழுத மாட்டார்கள். டெகா கிளம்பிய மறுமாதம், 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. அதே மாநிலத்தில் கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பர்களை வெள்ளைக் கும்பல் சுட்டுக் கொன்றது. சரணடைந்தவர்களையும் கொன்றது. 60க்குக் குறையாமல், 150 வரைக்கும் கணக்குச் சொல்கிறார்கள். 1968 கீழவெண்மணி 44 பேர் என்று நாம் விரல் மடக்குகிற மாதிரி அவர்களுக்குக் கோல்ஃபாக்ஸ். மறுவருஷம் 'வெள்ளையர் லீக்' என்று ஒரு ஆயுதப் படை கிளம்பியது. கறுப்பர் ஓட்டில் வந்த ஆட்சியைக் கவிழ்ப்பதுதான் அதன் திட்டம், ஒளிவுமறைவே கிடையாது. படத்தில் தொப்பியோடு உட்கார்ந்து பஞ்சைப் பிரித்துப் பார்க்கிறாரே அந்த மாமன் மிஷெல் மூஸோன், மேஜைமேல் உட்கார்ந்து பஞ்சை நீட்டுகிறாரே அந்த மருமகன் பெல், ரெண்டு பேருமே அந்த லீக்கில் இருந்தார்கள். 1874 செப்டம்பர் 14 அன்று லீக்கின் சுமார் 5,000 பேர் நியூ ஆர்லியன்ஸ் தெருவில் போலீசோடு சண்டை போட்டு நகரத்தையே பிடித்தார்கள். மத்திய அரசின் பட்டாளம் வரும்வரை மூன்று நாள் அவர்கள் ராஜ்யம்தான். அதைக் கொண்டாடி 1891இல் நகரத்தின் பெரிய தெருவில் ஸ்தூபி கட்டினார்கள். 1932இல் வெள்ளையர் மேலாண்மையைப் புகழ்ந்து எழுத்தும் செதுக்கினார்கள். அது அகற்றப்பட்டது 2017 ஏப்ரலில். அதுவும் விடியும் முன்னால், இடித்த தொழிலாளிகள் உயிருக்குப் பயந்து முகத்தை மூடிக்கொண்டு. லூசியானாவில் 1896இல் 1,30,334 கறுப்பர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். தாத்தா காலத்திலேயே ஓட்டுப் போட்டவன் வீட்டுக்குச் சலுகை, மற்றவனுக்கு எழுத்துப் பரீட்சை என்று 1898இல் புது அரசியல் சட்டம் வந்தது. 1904இல் மிச்சம் 1,342 பேர்.

"மாமன் செஞ்சதுக்கு மருமகனைப் பிடிக்கலாமா?" இது அடுத்த கேள்வி. நாம் வழக்குப் போடவில்லை. மாமனின் தொப்பியையும் கண்ணாடியையும் பஞ்சு பிரிக்கும் விரலையும் பக்கம் பக்கமாக வர்ணிக்கிறவர்கள், அந்த விரல் அடுத்த வருஷம் எதைத் தொட்டது என்பதை ஒரு வரியில் எழுதக்கூடாதா என்றுதான் கேட்கிறோம். மருமகனும் அப்படி ஒன்றும் உத்தமர் இல்லை. பிரான்சில் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரிமேல் பொய்த் தேசத்துரோக வழக்குப் போட்டு நாடே இரண்டாகப் பிளந்தபோது, டெகா யூத வெறுப்பாளர் பக்கம் போய் நின்றார். பல வருஷம் வாரா வாரம் சோறு தின்ற ஆலேவி குடும்பத்தோடு 1897இல் உறவை அறுத்துக்கொண்டார், அவர்கள் யூத வம்சத்தவர் என்பதால்.

வேறு சிலர் மிஸ் லாலாவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பாரிஸ் சர்க்கஸில் பல்லால் கயிறைக் கடித்து அந்தரத்தில் தொங்கிய கறுப்பினக் கலைஞர், அன்னா ஓல்கா பிரவுன், ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரத்தில் 1858இல் பிறந்தவர். டெகா 1879இல் வரைந்த அந்தப் படம் லண்டனில் இருக்கிறது, அற்புதமான படம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கறுப்புடல் எங்கே இடம்பெற முடிந்தது பாருங்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடத்தில், கூரை உயரத்தில், வித்தையாக. குடும்பப் படத்தில் இல்லை. நம் பறையை மேடையில் ஏற்றிக் கைதட்டுகிறவர்கள் நம்மைப் பந்தியில் உட்கார வைப்பார்களா என்கிற அதே கணக்கு.

பணம் எங்கே போனது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது, தொழில் தோஷம். மூஸோனின் மண்டி 1873 பிப்ரவரி 1ஆம் தேதியோடு கலைக்கப்பட்டது. அதாவது படம் உருவாகிக்கொண்டிருந்த அதே நாட்களில் மண்டி மூடியாகிவிட்டது. தந்தி வந்து, லிவர்பூல் விலை உடனுக்குடன் தெரியவந்து, பருத்திச் சந்தை புதுசாக அமைந்தபின் பழைய தரகு மண்டிகளுக்குக் காலம் முடிந்திருந்தது. மூடிய மண்டியைத்தான் டெகா அவ்வளவு சாவகாசமாக வரைந்திருக்கிறார். இங்கிலாந்தில் மான்செஸ்டரின் நூல் ஆலைக்காரர் ஒருவர் தலையில் அந்தப் படத்தைக் கட்டலாம் என்றும் கணக்குப் போட்டுக் கடிதம் எழுதினார். பஞ்சு போகிற வழியிலேயே படத்தையும் அனுப்பப் பார்த்தார், அது நடக்கவில்லை. ரெனே இந்தப் பருத்தி வியாபாரத்துக்காகப் பாரிஸில் அப்பாவின் வங்கியில் வாங்கிய கடன் திரும்பவில்லை. 1874இல் அப்பா செத்தார், வங்கி திவால். குடும்ப மானத்தைக் காப்பாற்ற எட்கர் வீட்டையும் தான் சேர்த்துவைத்த ஓவியங்களையும் விற்றார். அதுவரை ஆசைக்கு வரைந்தவர் பிறகு பிழைப்புக்கு வரைய ஆரம்பித்தார். உலகமே கொண்டாடுகிற அந்த பாலே நடனப் பெண்களின் படங்களில் எத்தனையோ இந்தக் கடன் அடைக்க விற்கப்பட்டவை. பருத்தியிலிருந்து வங்கிக்கு, வங்கியிலிருந்து பாலேவுக்கு, பேரேட்டின் பக்கங்கள் தொடர்ச்சியாகத்தான் இருக்கின்றன. 'தூய கலை' எந்தப் பக்கத்தில் ஆரம்பிக்கிறது என்று யாராவது காட்டினால் தேவலை.

இதை ஏன் நம் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று ஒரு மாணவர் கேட்டார். காரணம் உண்டு. போன வருஷம் ஒரு மாவட்டத் தலைநகரில் இலக்கியக் கூட்டம். என் கவிதைத் தொகுப்பைப் பற்றிப் பேச வந்தவர் நாற்பது நிமிஷம் பேசினார். என் அப்பா செத்த மாட்டைத் தூக்கியது, என் ஆத்தா பீடி சுற்றியது, நான் ஹாஸ்டலில் படித்தது, இடஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தது. ஒரு கவிதையின் ஒரு சொல்லைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை. முடிவில் "வலியின் நேர்மையான பதிவு" என்றார். அதே ஆள் டீ குடிக்கும்போது மேற்கத்திய ஓவியம் பற்றி ஆரம்பித்து, டெகாவின் கோடு, டெகாவின் வெளி, டெகாவின் ஒளி என்று மயங்கினார். மண்டிப் படத்தில் இருப்பவர்கள் யார் என்றேன். "அதெல்லாம் படத்துக்கு வெளியே இருக்கிற சமாச்சாரம்" என்றார். எனக்குப் பின்னணி மட்டும்தான், படைப்புக் கிடையாது. டெகாவுக்குப் படைப்பு மட்டும்தான், பின்னணி கிடையாது, இருந்தாலும் அது வம்சப் பெருமையாக இருக்கிற அளவுக்குத்தான். இந்தப் பாகப்பிரிவினையை யார் செய்தது? ஆபீசில் புதுசாக மாற்றலாகி வருகிறவன் "உங்க ஃபேமிலி பேக்ரவுண்ட் என்ன சார்?" என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். அதே கேள்வியை ஒரு தடவை நாம் திருப்பிக் கேட்டால் அது மட்டும் ரசனைக் குறைவாகிவிடுகிறது.

1873, அந்தப் படம் முடிந்த அதே வருஷம், புனேயில் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' என்ற புத்தகத்தை வெளியிட்டார். குலாம்கிரி என்றால் அடிமைத்தனம். அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைச் சமர்ப்பணம் செய்தார். கப்பலேறாத சூத்திர மனிதர் ஒருவர் ஏழு கடலுக்கு அப்பால் இருந்த கறுப்பர்களைத் தன் சொந்தமாகக் கண்டுகொண்டார். அந்தச் சொந்தங்களின் வீட்டிலேயே அஞ்சு மாசம் சாப்பிட்ட மனிதருக்கு அவர்கள் தெரியவில்லை. பார்வை என்பது கண்ணில் இல்லை என்று புலேயைப் படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1972இல் பம்பாயில் நம் இளைஞர்கள் தங்களை தலித் பாந்தர்கள் என்று அழைத்துக்கொண்டபோது அந்தப் பேரைக் கறுப்பர்களிடமிருந்துதான் எடுத்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தப் படத்தைக் கிழித்துப் போடு என்று யாரும் சொல்லவில்லை. கல்லூரியில் ஓவியம் படிக்கிற தோழர்கள் அதைப் பெரிதாக அச்செடுத்து விடுதிச் சுவரில் ஒட்டுங்கள். கூட்டத்தில் காட்டுங்கள். அடியில் தமிழில் பெயர்களை எழுதுங்கள். தொப்பிக்காரர் மிஷெல் மூஸோன், பருத்தித் தரகர், 1874இல் வெள்ளையர் லீக். மேஜைமேல் வில்லியம் பெல், அதே லீக். பத்திரிகை படிப்பவர் ரெனே, தாய்மாமன் மகளைக் கட்டி 1878இல் கைவிட்டு வேறொருத்தியோடு போனவர். ஜன்னலில் அஷில். ஸ்டூலில் பிரஸ்டிஜ். பேரேட்டில் லிவோதே. கீழே கொஞ்சம் இடம் விட்டு, நோர்பெர் ரில்லியூ, எஞ்சினியர், பெரியப்பா முறை, படத்தில் இல்லை. பருத்தி எடுத்தவர்களின் பெயர் அடிமைக் காலத்து ஏல ரசீதுகளிலும் சொத்துப் பட்டியல்களிலும் வெறும் முதல் பெயராக மட்டும் கிடைக்கிறது, அப்பன் பெயர் இல்லாமல். அதற்கும் ஒரு வரி காலியாக விடுங்கள்.